ஜவ்வு பிதுங்கியவர் இனிக் குனியவே கூடாதா?

கேள்வி: 6 ஜனவரி 2025

ஏழு வாரமாக இடுப்பு வலி. இடது பின்புறத்தில் தொடங்கிக் கெண்டைக்கால் வரை இழுக்கிறது. வயது 40, நாள் முழுவதும் உட்கார்ந்து செய்கிற வேலை. எம்.ஆர்.ஐ. எடுத்ததில் எல்4-எல்5 (இடுப்பின் நான்காவது, ஐந்தாவது முள்ளெலும்புகள்) இடையே ஜவ்வு பிதுக்கம், தேய்மானம் என்று எழுதியிருக்கிறார்கள். ஒருவர் மூன்று வாரம் அசையாமல் படு என்கிறார். இன்னொருவர் பெல்ட் கட்டு, ஆயுளுக்கும் குனியாதே என்கிறார். இதோடு பல வருடம் வாழ்கிறவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள். இது போகுமா, போகாதா?

6 ஜனவரி, இரவு 10.40

பதினோரு வருடமாக வாழ்கிறேன். அந்த அறிக்கையை முதலில் உறைக்குள் போட்டு அலமாரியில் வையுங்கள்.

எனக்கு வந்தது 2014-ல். மூட்டை தூக்கவில்லை, வழுக்கி விழவில்லை. மேசைக்கடியில் உருண்டுபோன பேனா மூடியை எடுக்கக் குனிந்தேன். இடுப்பில் யாரோ சுரீரென்று கம்பியைச் செருகியதுபோல இருந்தது. நிமிர முடியவில்லை. ஒரு கை மேசையிலும் மறு கை முழங்காலிலுமாக அரை மணி நேரம் அப்படியே நின்றேன். மூடி கடைசிவரை கைக்கு வரவில்லை.

அடுத்த மாதம் எடுத்த எம்.ஆர்.ஐ. அறிக்கையில் இரண்டு இடத்தில் பிதுக்கம், மூன்று இடத்தில் தேய்மானம். அந்தத் தாளைத் தேர்வில் தோற்றவன் மதிப்பெண் பட்டியலைப் பார்ப்பதுபோல தினமும் எடுத்துப் பார்த்தேன். வலியைவிட அந்தத் தாள்தான் என்னை நொண்டியாக்கியது என்று இப்போது நினைக்கிறேன்.

அப்போது யாரும் எனக்குச் சொல்லாத ஒன்று இருக்கிறது. 1994-ல் அமெரிக்காவில் முதுகு வலியே இல்லாத 98 பேரைப் படம் எடுத்துப் பார்த்தார்கள். பாதிப் பேருக்குமேல், சரியாகச் சொன்னால் 52 விழுக்காட்டினருக்கு, குறைந்தது ஓர் இடத்திலாவது பிதுக்கம் இருந்தது. 2015-ல் இதுபோன்ற 33 ஆய்வுகளை ஒன்றாகச் சேர்த்து, வலியில்லாத 3,110 பேரின் படங்களைக் கணக்கிட்டார்கள். 40 வயதுக்காரர்களில் 68 விழுக்காட்டினருக்குத் தேய்மானம், 50 விழுக்காட்டினருக்குப் பிதுக்கம். உங்கள் வயதில் வலியில்லாமல் நடமாடுகிற இருவரில் ஒருவருக்கு உங்கள் அறிக்கையில் உள்ள அதே வரி வரும். நரை வருவதுபோல இதுவும் வருகிறது. நரையைப் படமெடுத்து அறிக்கை எழுதிக் கையில் கொடுப்பதில்லை, அவ்வளவுதான் வேறுபாடு.

7 ஜனவரி, காலை 6.15

படுத்தே இருப்பது பற்றி நேற்று எழுத விட்டுப்போயிற்று.

நான் பத்தொன்பது நாள் படுத்தேன். மின்விசிறியின் மூன்று இறக்கைகளில் எதில் தூசி அதிகம் என்று இன்றைக்கும் சொல்வேன். இருபதாம் நாள் எழுந்து நின்றபோது இடுப்பு வலி அப்படியே இருந்தது, கூடவே தொடை நடுங்கியது, தலை சுற்றியது. பத்தொன்பது நாளில் நான் சம்பாதித்தது அதுதான்.

பின்லாந்தில் நகராட்சி ஊழியர்கள் 186 பேரை வைத்துச் செய்த சோதனை 1995-ல் வெளியானது. திடீர் இடுப்பு வலி வந்தவர்களில் ஒரு குழுவை இரண்டு நாள் படுக்க வைத்தார்கள். ஒரு குழுவுக்கு உடற்பயிற்சி கொடுத்தார்கள். மூன்றாவது குழுவிடம், வலி தாங்குகிற அளவுக்கு அன்றாட வேலையைப் பாருங்கள் என்று மட்டும் சொன்னார்கள். சீக்கிரம் தேறியது அந்த மூன்றாவது குழு. வெறும் இரண்டு நாள் படுக்கையே பின்தங்கிவிட்டது. உங்களுக்கு மூன்று வாரம் சொல்லியிருக்கிறார்கள்.

7 ஜனவரி, மதியம்

பெல்ட் பற்றிக் கேட்டவருக்கு: உலக சுகாதார நிறுவனம் 2023 டிசம்பரில் நாள்பட்ட இடுப்பு வலிக்கு வழிகாட்டி வெளியிட்டது. வாடிக்கையாகக் கொடுக்க வேண்டாம் என்று அது சொல்பவற்றில் இடுப்புப் பெல்ட் உண்டு, இடுப்பை இழுத்துக் கட்டும் டிராக்‌ஷனும் உண்டு. என் பெல்ட் இப்போது பூட்டு உடைந்த பயணப் பெட்டியைச் சுற்றிக் கட்டியிருக்கிறது. அந்த வேலையை நன்றாகவே செய்கிறது.

9 ஜனவரி, இரவு

உட்காருவதுதான் வில்லன் என்று மேலே இரண்டு பேர் எழுதிவிட்டார்கள். ஒத்துக்கொள்கிறேன். சுவீடன் நாட்டு எலும்பு மருத்துவர் நாக்கெம்சன் 1960-களில் உயிருள்ள மனிதர்களின் வட்டுக்குள்ளேயே, அதாவது நாம் ஜவ்வு என்று சொல்வதற்குள்ளேயே, ஊசியைச் செலுத்தி அழுத்தத்தை அளந்தார். அதிலிருந்து வந்த கணக்கு எல்லா மருத்துவமனைச் சுவரிலும் படமாகத் தொங்குகிறது: நிற்கும்போது 100 என்றால், உட்காரும்போது 140, மல்லாந்து படுத்தால் 25. அதைப் பார்த்துத்தான் நான் நின்றுகொண்டு வேலை செய்கிற மேசைக்கு மாறினேன். எல்லாரும் மாறுங்கள்.

11 ஜனவரி, காலை

மேலே எழுதியதைத் திருத்துகிறேன். இந்த உரையாடல் இழையில் ஒருவர் நயமாகத் தலையில் குட்டியிருக்கிறார், குட்டு சரியான இடத்தில்தான் விழுந்தது.

1999-ல் ஜெர்மனியில் வில்க்கே என்பவரின் குழு அதே அளவீட்டைப் புதிய கருவியோடு திரும்பச் செய்தது. நிற்கும்போது 0.5 மெகாபாஸ்கல் (அழுத்தத்தின் அலகு), சாய்மானம் இல்லாமல் உட்கார்ந்தால் 0.46. ஏறக்குறைய ஒன்றுதான். தளர்ந்து சாய்ந்து உட்கார்ந்தால் இன்னும் குறைந்தது. ஆனால் முதுகை வளைத்து 20 கிலோவைத் தூக்கியபோது 2.3-க்கு ஏறியது. ஊசி குத்திக்கொள்ள முன்வந்தவர் ஒரே ஒருவர், 45 வயதுக்காரர். ஒருவர் முதுகை வைத்து ஊருக்கே சட்டம் எழுத முடியாது. அதே நியாயத்தில், அந்தச் சுவர்ப் படத்தையும் நான் வேதமாக எடுத்துக்கொண்டிருக்கக் கூடாது.

என் அனுபவத்தையும் முழுதாகச் சொல்லவில்லை. நின்று வேலை செய்த நான்கு மாதத்தில் இடுப்பு வலி கொஞ்சமும் குறையவில்லை, குதிகால் வலி புதிதாக வந்தது. இப்போது உட்காருகிறேன், நிற்கிறேன், தொலைபேசி வந்தால் நடக்கிறேன். ஒரே நிலையில் ஒரு மணி நேரம் இருந்தால் எந்த நிலையானாலும் என் இடுப்பு முனகுகிறது.

12 ஜனவரி

காலைப் பொழுது எப்படி இருக்கிறது என்று கேட்டீர்கள். மோசமானது அதுதான், அதற்குக் காரணமும் இருக்கிறது.

இரவில் படுத்திருக்கும்போது வட்டுகள் நீரை உறிஞ்சி உப்புகின்றன. காலையில் நாம் ஒரு சென்டிமீட்டருக்கு மேலேயே உயரமாக இருக்கிறோம், பகலில் அது வடிந்துவிடுகிறது. மேலே சொன்ன அந்த 45 வயதுக்காரருக்கு ஏழு மணி நேரத் தூக்கத்தில் வட்டின் அழுத்தம் 0.10-லிருந்து 0.24-க்கு ஏறியிருந்தது. காற்று நிறைந்த பந்துபோல விறைப்பாக இருக்கிற அந்த நேரத்தில்தான் நாம் முகம் கழுவக் குனிகிறோம். 1998-ல் வெளியான ஓர் ஆய்வில், எழுந்ததும் முதல் சில மணி நேரம் குனியாமல் இருக்க மட்டும் பழக்கினார்கள். நாள்பட்ட வலி இருந்தவர்களுக்கு வலி நாட்கள் குறைந்தன. மருந்தும் இல்லை, கருவியும் இல்லை.

நான் செய்வது இது. கண் விழித்ததும் எழுந்து உட்காருவதில்லை. முழங்கால் இரண்டையும் மடக்கி, தோளும் இடுப்பும் ஒன்றாக, மரக்கட்டை உருளுவதுபோல வலப்பக்கம் புரள்கிறேன். கால்களைக் கட்டிலுக்கு வெளியே தொங்கவிட்டு, அந்தக் கனம் கீழே இழுக்கும்போதே முழங்கையை ஊன்றி எழுகிறேன். பல் துலக்கும்போது இடக்கை தொட்டியின் விளிம்பில் இருக்கும், ஒரு கால் சற்றே மடங்கியிருக்கும். வாயைக் கொப்பளித்துத் துப்பும் கணம்தான் சோதனை. அதற்கு இடுப்பை மடக்காமல் முழங்காலை மடக்கித் தொட்டிக்கு இறங்க வேண்டும். கண்ணாடியில் பார்த்தால் அரசவையில் பணிவு காட்டுகிற சேவகன்போல இருக்கும். காலுறை கடைசி. சுவரில் முதுகைச் சாய்த்து, பாதத்தை எதிர்த் தொடைமேல் ஏற்றிக்கொண்டு மாட்டுகிறேன். வலி கடுமையாக இருந்த வருடம் இதற்கே பன்னிரண்டு நிமிடம் ஆயிற்று. இன்று ஒன்றரை.

14 ஜனவரி

தும்மல்: வருகிறது என்று தெரிந்ததும் சுவரிலோ மேசையிலோ கையை ஊன்றி, முழங்காலைத் தளர்த்தி, நிமிர்ந்தபடியே தும்முங்கள். பேருந்தில் நின்றபடி வந்தால் கடவுள் விட்ட வழி.

16 ஜனவரி

‘ஜவ்வு விலகல்’ என்ற சொல்லை யார் நம் தலையில் கட்டினார்களோ தெரியவில்லை. அது ஜவ்வும் இல்லை, விலகுவதும் இல்லை. இரண்டு முள்ளெலும்புகளுக்கு நடுவே, இரண்டோடும் இறுகப் பிணைந்திருக்கிற தடித்த வட்டு அது. வெளியே நார் அடுக்கு, உள்ளே கூழ். நார் கிழிந்தால் கூழ் பிதுங்கும். வட்டு மொத்தமும் கேரம் காய்போல வழுக்கிக்கொண்டு போவதில்லை. ஆனால் ‘விலகிவிட்டது’ என்று கேட்டவன், யாராவது பிடித்து உள்ளே தள்ளிவிட்டால் போதும் என்று நம்புகிறான். முதுகில் ஏறி மிதிப்பவர்வரை போகிறான். நானும் போனேன். சடசடவென்று சத்தம் கேட்டது, இரண்டு நாள் சுகமாக இருந்தது, மூன்றாம் நாள் பழைய குடைச்சலே திரும்பியது. அந்தச் சத்தம் மூட்டுக்குள் வாயுக் குமிழ் உண்டாக்குவது, சொடக்கு எடுக்கும்போது கேட்பதுபோலத்தான். எதுவும் உள்ளே போய் உட்கார்ந்த சத்தமில்லை.

பிதுங்கிய கூழை உடம்பே கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்து உறிஞ்சிக்கொள்வதும் அடிக்கடி நடக்கிறது. பெரிதாக வெளியே வந்ததுதான் நன்றாகச் சுருங்குகிறது என்பது எனக்கு வியப்பு.

17 ஜனவரி

தரையில் படுத்தால் நல்லது என்று எழுதியவருக்கு: ஸ்பெயினில் நாள்பட்ட இடுப்பு வலிக்காரர்கள் 313 பேருக்கு விறைப்பான மெத்தையும் நடுத்தர விறைப்புள்ள மெத்தையும் பிரித்துக் கொடுத்துப் பார்த்தார்கள், 2003-ல் வெளியானது. நடுத்தர மெத்தைதான் வென்றது. தரையில் படுத்துத் தேறியவர்கள் தாராளமாகத் தொடருங்கள். எனக்குத் தரையிலிருந்து எழுவதே தனி வலியாக இருந்தது.

20 ஜனவரி, மாலை 7.05

கேள்வி கேட்டவருக்கு. மற்றதை எல்லாம் நிறுத்திவிட்டு இதைப் படியுங்கள்.

மெத்தைப் பேச்சுக்கு நடுவே போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள்: “இடது செருப்பு நடக்கும்போது தானாகக் கழன்றுவிடுகிறது, வார் தளர்ந்துவிட்டது, புதிது வாங்க வேண்டும்.” வலது செருப்பும் அதே வயதுதானே? அது கழல்கிறதா?

இப்போதே எழுந்து, சுவரைத் தொட்டபடி, குதிகாலை மட்டும் ஊன்றிப் பத்து அடி நடந்து பாருங்கள். இடது பாதத்தின் முன்பகுதி தொங்குகிறதா? பெருவிரலை மேல்நோக்கித் தூக்கி, மற்றவரை அழுத்தச் சொல்லுங்கள். வலதைவிடச் சுலபமாக மடங்குகிறதா?

20 ஜனவரி, இரவு 9.30

மடங்குகிறது என்கிறீர்கள். நாளைக் காலை மருத்துவரிடம் போங்கள். எல்4-எல்5 வட்டு பெரும்பாலும் அழுத்துவது ஐந்தாவது இடுப்பு நரம்பு வேரை. பாதத்தையும் பெருவிரலையும் மேலே தூக்குவது அதன் வேலை. செருப்பைப் பிடித்துக்கொள்ள முடியாத கால், வார் பழசானதால் வருவதில்லை.

இன்றிரவே சிறுநீர் வராமல் முட்டினாலோ, கட்டுப்பாடில்லாமல் போனாலோ, மலம் கட்டுக்குள் இல்லாவிட்டாலோ, சைக்கிள் இருக்கையில் படுகிற இடமெல்லாம் மரத்துப்போனாலோ, இரண்டு காலிலும் பலம் குறைந்தாலோ காலைவரை காத்திருக்காதீர்கள். அவசரச் சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள். அதில் ஒவ்வொரு மணி நேரமும் கணக்கு.

21 ஜனவரி, அதிகாலை 4.50

தூக்கம் வரவில்லை. 6-ஆம் தேதி இரவு நான் கேட்டிருக்க வேண்டிய முதல் கேள்வி காலில் பலம் எப்படி என்பதுதான். கேட்கவில்லை. கெண்டைக்கால் வரை இழுக்கிறது என்று நீங்கள் எழுதியது கண்ணெதிரே இருந்தது. என் பழைய அறிக்கைமீது எனக்கிருந்த கோபத்தில் உங்கள் அறிக்கையை அலமாரியில் வைக்கச் சொன்னேன். என் இடுப்பை உங்கள் இடுப்பில் பொருத்திப் பார்த்துவிட்டேன்.

இங்கே வருகிற மற்றவர்கள் முதலில் இதைப் பார்த்துக்கொள்ளுங்கள்: பாதத்தில் பலக் குறைவு, மேலே சொன்ன சிறுநீர், மலச் சிக்கல்கள், காய்ச்சலோடு வரும் முதுகு வலி, காரணமில்லாமல் எடை குறைவது, முன்பு புற்றுநோய் வந்தவர்களுக்குப் புதிதாக வரும் வலி, விழுந்து அடிபட்டபின் வருவது. இவற்றில் ஒன்று இருந்தாலும் இந்த இழையை மூடிவிட்டு மருத்துவரைப் பாருங்கள். பெரும்பாலானவர்களுக்கு ஒன்றும் இருக்காது. அவர்களுக்குத்தான் மற்ற குறிப்புகள்.

2 பிப்ரவரி

“அறிக்கையைப் பார்க்காதே என்றீர், இப்போது அதே அறிக்கையை வைத்துத்தான் அறுவை என்கிறார்கள்” என்று ஒருவர் இடித்திருக்கிறார். இடிப்பது நியாயம். அறிக்கை தனியாகப் பேசும்போது அதை நம்ப மாட்டேன் என்பதில் இப்போதும் மாற்றமில்லை. காலும் அறிக்கையும் ஒரே இடத்தைச் சுட்டினால் அது சாட்சி. கேள்வி கேட்டவருடைய பெருவிரல் எல்4-எல்5 என்கிறது, படமும் எல்4-எல்5 என்கிறது.

அறுவை என்றதும் பதறுகிறவர்களுக்கு நெதர்லாந்தில் 283 பேரை வைத்துச் செய்து 2007-ல் வெளியான ஆய்வைச் சொல்கிறேன். எல்லாரும் ஆறு முதல் பன்னிரண்டு வாரம் கடும் கால்வலியில் இருந்தவர்கள். ஒரு பாதிக்குச் சீக்கிரம் அறுவை, மறு பாதிக்குக் காத்திருப்பு, தேவைப்பட்டால் பிறகு அறுவை. அறுவை செய்துகொண்டவர்களுக்கு வலி வேகமாகக் குறைந்தது. ஒரு வருடம் கழித்துப் பார்த்தால் இரண்டு பக்கமும் 95 விழுக்காட்டினர் தேறியிருந்தார்கள். காத்திருந்தவர்களில் 39 விழுக்காட்டினர் அந்த வருடத்துக்குள் அறுவைக்குப் போயிருந்தார்கள். வலி மட்டும் என்றால் காத்திருக்கவும் இடமுண்டு. பலம் குறைந்துகொண்டே போனால் அந்தக் கணக்கு பொருந்தாது. கால்வலி இல்லாத வெறும் இடுப்பு வலிக்கும் பொருந்தாது. எனக்கு இருப்பது அதுதான், அதனால்தான் என்னை யாரும் அறுவை மேசைக்கு அழைக்கவில்லை.

15 பிப்ரவரி

பாரசிட்டமால் போதுமா என்று கேட்டவருக்கு: திடீர் இடுப்பு வலிக்கு அது மருந்தே இல்லாத வெறும் மாத்திரையைவிடச் சீக்கிரம் குணப்படுத்தவில்லை என்று ஆஸ்திரேலியாவில் 1,600-க்கும் மேற்பட்டவர்களை வைத்துச் செய்த சோதனை 2014-ல் சொன்னது. வீக்கத்தைக் குறைக்கிற மாத்திரைகள் ஓரளவு கேட்கும். அவற்றை நான் இரண்டு வருடம் மிட்டாய்போலத் தின்று வயிற்றைப் புண்ணாக்கிக்கொண்டேன்.

அதே நாட்டில் 2024-ல் வெளியான நடைச் சோதனையை எனக்குப் பிடிக்கும். இடுப்பு வலியிலிருந்து அண்மையில் மீண்ட 701 பேர். ஒரு குழுவைப் பிசியோதெரபிஸ்ட்டின் துணையோடு படிப்படியாக நடக்க வைத்தார்கள், வாரம் ஐந்து நாள், அரை மணி நேரம் என்பது இலக்கு. ஒன்றும் செய்யாத குழுவில் பாதிப் பேருக்கு வலி திரும்ப வர 112 நாள் ஆயிற்று, நடந்தவர்களில் பாதிப் பேருக்கு 208 நாள். திரும்ப வரவே வராது என்று யாரும் சொல்லவில்லை. தள்ளிப்போட்டார்கள். பதினோரு வருடத்துக்குப் பிறகு தள்ளிப்போடுவதே பெரிய வரவாகத் தெரிகிறது.

‘படிப்படியாக’ என்ற சொல்லை நான் மதிக்காமல் விழுந்தவன். 2019-ல் வலியில்லாத ஒரு வாரம் கிடைத்த உற்சாகத்தில் ஒரே நாளில் பதினொன்று கிலோமீட்டர் நடந்தேன். அடுத்த எட்டு நாள் குளியலறைக்குப் போய்வருவதே நெடும்பயணமாயிற்று. இப்போது நல்ல நாளிலும் அரை மணி, கெட்ட நாளிலும் பத்து நிமிடம். நல்ல நாளில் நிறுத்துவதுதான் கடினம்.

22 பிப்ரவரி

மூன்று நாளாக எனக்கே பிடித்துக்கொண்டது. வெந்நீர் ஒத்தடம், பத்து நிமிட நடை, எரிச்சல்.

ஊருக்கு உபதேசம் செய்கிறவன் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். குனிவதில் ஆபத்தில்லை, முதுகு குனிவதற்குத்தான் இருக்கிறது, பழகப் பழகப் பயம் போகும் என்று இங்கே நாலு பேருக்காவது தனியாக எழுதியிருப்பேன். இன்று காலை மேசைக்கடியில் பேனா மூடி விழுந்தது. காலால் நகர்த்தி நகர்த்திச் சுவரோரம் கொண்டுபோய், கால்விரல்களால் கவ்வித் தூக்கினேன். மனைவி வாசலில் நின்று முழுவதையும் பார்த்துக்கொண்டிருந்தாள். “வலிக்கிறதா, பயமா?” என்று கேட்டாள். பதில் சொல்லத் தெரியவில்லை.

1965-ல் மெல்சாக், வால் என்ற இருவர், காயத்திலிருந்து மூளைக்குப் போகிற வலிக்குத் தண்டுவடத்தில் ஒரு வாயில் உண்டு, மூளையும் அந்த வாயிலைத் திறக்கும், மூடும் என்று எழுதினார்கள். விவரங்கள் பிற்பாடு பலவாறு மாறின. தூக்கம் கெட்ட இரவுக்கு மறுநாள் என் வாயில் அகலத் திறந்துகிடக்கிறது என்பது மட்டும் நிச்சயம். வலியெல்லாம் மனசுதான் என்று இதை யாராவது திருப்பிச் சொன்னால் அவர்களோடு எனக்குப் பேச்சில்லை. தலைவலியும் திருகுவலியும் தனக்கு வந்தால்தான் தெரியும்.

9 மார்ச்

கேள்வி கேட்டவருக்கு: அறுவை முடிந்து நான்காவது வாரம், கால்வலி மறுநாளே விட்டது, இடுப்பு இன்னும் இறுக்கமாக இருக்கிறது, பெருவிரல் பாதிதான் திரும்பியிருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். படித்ததும் எழுந்து வீட்டுக்குள் ஒரு சுற்று நடந்தேன். நரம்பு மெதுவாகத்தான் தேறும், மாதக் கணக்கில் ஆகலாம். இதை நான் சொல்லி நம்ப வேண்டாம், அடுத்த முறை அறுவை செய்தவரிடமே கேளுங்கள். எப்போது குனியலாம், எவ்வளவு தூக்கலாம் என்பதையும் அவரிடமே கேளுங்கள். உங்கள் விஷயத்தில் நான் ஒரு முறை அவசரப்பட்டது போதும்.

செருப்புக்கு மட்டும் பதில் சொல்கிறேன். குதிகாலைச் சுற்றிப் பின்வார் உள்ளதாகப் பாருங்கள், குனியாமல் ஒட்டுகிற மாதிரி கிடைக்கிறது. பழைய ஜோடியைத் தூக்கிப் போடாதீர்கள். மாதம் ஒருமுறை அதைப் போட்டுப் பத்து அடி நடந்து, இடது எத்தனையாவது அடியில் கழல்கிறது என்று எழுதி வையுங்கள்.